யெல்காவின் தொண்டை

யெல்கா வாயைத் திறந்தால் ஆற்றின் அக்கரையில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். எங்கள் ஊர் கோஸ்டாய்னிட்சாவில் இதை யாரும் வேடிக்கைக்குச் சொல்வதில்லை. நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. என் காது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் அப்பா உனா ஆற்றங்கரையில் மாவு மில் வைத்திருந்தார். தண்ணீரில் சக்கரம் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். யெல்கா அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தங்கை ஆன்காவும் அதே மில்லில் பிறந்தவள்தான், ஆனால் அவளுக்குக் குரலே எழும்பாது. இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காக்காரியே பேசிவிட்டாள் என்போம்.

ஆன்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். அந்தக் கரை போஸ்னியா. அப்போது எல்லாம் ஒரே நாடு. உப்பு தீர்ந்தால் பாலத்தைத் தாண்டிப் போய் வாங்கி வருவோம். அவள் புருஷன் மிலோராத் செர்பியன், நாங்கள் குரோஷியர்கள். கல்யாணத்தில் அதை வைத்து இரண்டு கேலிப் பாட்டுப் பாடியதோடு சரி. அப்பா இறந்த பிறகு அம்மா சின்ன மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

தொண்ணூற்றொன்றில் போர் வந்தது. நாங்கள் மூட்டை முடிச்சுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆன்கா பாலத்தைத் தாண்டி ஓடிவந்தாள். "அக்கா, எல்லாம் அடங்குற வரைக்கும் நம்ம வீட்டுல வந்து இரு" என்றாள். மாட்டேன் என்றால் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? யெல்கா பாலத்து முனையில் நின்று கத்தினாள்.

"உன் புருஷனோட ஆளுங்கதான் நம்ம மேல குண்டு போடுறாங்க! அவன் வீட்டு ரொட்டியைத் திங்கறதுக்கு ஆத்துல விழுந்து சாகலாம். எனக்குத் தங்கச்சியே கிடையாது, போ!"

இரண்டு கரைக்கும் கேட்டது. ஆன்கா திரும்பி நடந்தாள்.

நான்கு வருஷம் ஸாக்ரெப் நகரத்தில் அகதிகளாக இருந்துவிட்டுத் திரும்பினோம். என் வீட்டில் கூரை இல்லை. அவள் வீட்டில் கூரையோடு பாதிச் சுவரும் இல்லை. பாலத்தின் இரண்டு முனையிலும் போலீஸ். ஒரே நாடு இரண்டாகி ஆறு எல்லையாகிவிட்டது, யாரும் தாண்டக் கூடாது. டெலிபோனும் செத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜனங்கள் கரைக்கு வந்து அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் குரல் எட்டுமா? யெல்காவின் தொண்டைக்கு வேலை வந்தது.

"டேய் யோவோ! நீ இங்க விட்டுட்டுப் போன பிளம் மரமெல்லாம் தப்பிச்சிடுச்சாம்! சாராயம் காய்ச்சி யாருக்குக் குடுக்கறதுன்னு உன் மச்சான் கேக்குறான்!"

"பாதியை அவன் குடிக்கட்டும்! பாதியை எனக்குப் புதைச்சு வைக்கச் சொல்லு!" என்று அக்கரையிலிருந்து பதில் வரும்.

ஒருத்தி வந்து, "என் புருஷனோட இன்னொருத்தி இருக்காளான்னு கேளு, மெதுவா கேளு" என்பாள். "மெதுவான்னா நீயே கேட்டுக்க!" என்று விரட்டுவாள் யெல்கா. போலீஸ்காரன் வந்து, இங்கே கூட்டம் போடக் கூடாது என்றான். "நான் எங்க தம்பி ஆத்தைத் தாண்டினேன்? என் சத்தம்தானே தாண்டுது? அதுக்கும் பாஸ்போர்ட் வேணுமா?" அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஊருக்கெல்லாம் கூப்பிட்டாள், தன் தங்கையை மட்டும் கூப்பிடவில்லை. "கூப்பிடேன்டி" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "கழுத்துல கத்தி வெச்சாலும் மாட்டேன். அவ வரட்டும்" என்பாள். ஆனால் எல்லாரும் போன பிறகும் அக்கரையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். "அவ வரமாட்டாடி. ஊரே கேக்க உறவை அறுத்துவிட்டவ நான். என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்?"

மலையில் கஷ்கொட்டைகள் உதிரத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் மிலோராத் மட்டும் தெரிந்தான். அதற்குள் எங்கள் கரைகளில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. சாவுச் செய்தி கொண்டுவருகிறவர் வாய் திறக்குமுன் தொப்பியைக் கழற்ற வேண்டும். கேட்கிறவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ள அவ்வளவுதான் அவகாசம். மிலோராத் கல்மேல் ஏறி நின்று தொப்பியைக் கழற்றினான்.

அவன் பேசும்வரை யெல்கா காத்திருக்கவில்லை.

"ஆன்கா! ஐயோ ஆன்கா! நான் சொன்னது அத்தனையும் பொய்டி! நீ எனக்குத் தங்கச்சிதான்டி! உன் கையால ஒரு துண்டு ரொட்டி திங்கணும்னு இத்தனை வருஷமா ஏங்கறேன்டி! கேக்கறதுக்குள்ள போயிட்டியேடி!"

மிலோராத் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தான். அந்தத் தொண்டைக்கு முன்னால் அவன் எம்மாத்திரம்! போலீஸ்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்போது அக்கரை வில்லோ மரத்துக்குப் பின்னாலிருந்து ஆன்கா வெளியே வந்தாள்.

யெல்கா பாதி வார்த்தையில் நின்றாள். பிறகு சிரித்தாள். கரையே அதிரும்படி, கைதட்டிச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் தங்கையின் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணி கண்ணில் பட்டது.

"அம்மாவா?" என்றாள்.

அவள் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். அது ஆற்றைத் தாண்டியிருக்காது. ஆனாலும் ஆன்கா தலையாட்டினாள்.

அடக்கத்துக்குப் போக யெல்காவை விடவில்லை. யார் யாரிடமோ கெஞ்சிப் பார்த்தோம். அக்கரையில் எங்கள் கத்தோலிக்கப் பாதிரியாரும் இல்லை. மறுநாள் பெட்டியை ஆற்றோரப் பாதையில் கொஞ்சநேரம் இறக்கி வைத்தார்கள். யெல்கா இக்கரையில் நின்று ஜெபம் சொன்னாள். ஆன்காவும் மிலோராத்தும் அவன் ஆட்களும் அங்கிருந்து ஆமென் சொன்னார்கள்.

பிறகு பாலம் திறந்தது. அக்காளும் தங்கையும் போகவும் வரவும் சண்டை போடவுமாக இருக்கிறார்கள். போன மாதம் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்த யெல்கா திடீரென்று சொன்னாள்: "அம்மா போன சேதி வந்தப்ப நான் கைதட்டிச் சிரிச்சேன்டி. பெத்தவ செத்ததுக்கு எவளாவது சிரிப்பாளா? ஆன்கா உயிரோட இருக்கான்னதும் எனக்கு வேற ஒண்ணுமே தோணல. அவகிட்ட சொல்லிடாதே. அவ்வளவு தூரத்துல அவளுக்குக் கேட்டிருக்காது."

அவள் குரலுக்குத் தூரமாம்! இதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அன்று நான் அக்கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். நீ சிரித்தபோது, கறுப்புத் துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள் என்றேன்.