தலைவர் வரும்வரை

நான் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. என்னை வழியனுப்பச் சித்தப்பா பொதுக்கூட்டத்திலிருந்து நேராகப் பேருந்து நிலையத்துக்கு வந்தார். தொண்டை கட்டியிருந்தது. முகம் கடுகடுவென்று இருந்தது.

"தலைவர் வந்துட்டாரா சித்தப்பா?"

"வராம? பேச்சு நல்ல இடத்துக்கு வந்தப்போ வந்து நின்னான்."

பகலில் அவருக்கு ஜெராக்ஸ் கடை, மாலையில் மேடை. தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமல் பேசிக்கொண்டிருப்பது அவர் பொறுப்பு. தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டால், வாக்கியம் எங்கே நிற்கிறதோ அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். அவர் நிறுத்தினாலே கூட்டம் எழுந்து சாலைப் பக்கம் திரும்பிவிடும். இத்தனை வருடத்தில் ஒரு பேச்சைக்கூட அவர் முடித்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான், கழற்றிய மின்விசிறி கழற்றியபடியே கிடக்கிறது என்பாள் சித்தி.

தலைவர் மேல் அவருக்கு அப்படியொரு வயிற்றெரிச்சல். மேடைக்குக் கீழே நின்று ஒவ்வொன்றாகக் கவனிப்பார். எடுத்ததும் குரலைத் தாழ்த்துவது, ‘நான்’ என்று தொடங்கியதை யாரும் அறியாமல் ‘நாம்’ ஆக்குவது, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டுவிட்டு, கூட்டம் கத்தி முடிக்கும்வரை தண்ணீர் குடிப்பது. இதெல்லாம் தனக்கும் வரும் என்பார். உண்மையிலேயே வரும். "சூடு பண்றது நான், குடிக்கிறது அவனா?" என்று கடையில் நகல் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் பொருமுவார்.

என்றாவது ஒருநாள் பேசி முடிக்க வேண்டும் என்று ஒரு கடைசி வரியைத் தயாராக வைத்திருந்தார். தலைவர் அதைத் திருடிப் பேசிவிடுவார் என்ற பயத்தில் சித்தியிடம்கூடச் சொன்னதில்லை. அன்று பேருந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, மேடைக் குரலில் என்னிடம் சொன்னார்.

"உங்கள் ஓட்டைக் கேட்டு வரவில்லை. உங்கள் கோபத்தைக் கேட்டு வந்திருக்கிறேன். அதை மட்டும் என்னிடம் கொடுத்தால்..."

ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு, பல வருடம் கழித்துத் திரும்பினேன். நகரத்தில் ஓர் அறை எடுத்தேன். பெட்டியை முழுதாகப் பிரிக்காமலே அடுத்து எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கைபேசியில் சித்தப்பாவின் குரல் வந்தது.

"பாப்பா, நேத்து அந்த ஆளு வரவே இல்ல. உடம்பு சரியில்லையாம். நான் பேசிப் பேசிக் கடைசி வரிக்கே வந்துட்டேன். சொல்லியும் முடிச்சேன். முடிச்சதும் ஜனம் மொத்தமும் எழுந்து ரோட்டுப் பக்கம் திரும்பிக் கைதட்டுது. வராமலே வாங்கிட்டுப் போயிட்டான் பாரு."