மீசை இல்லாத முனியாண்டி

கண் திறப்பு நாளில், கையில் பொன்னூசியோடு பூசாரி அந்தச் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தது இன்னும் என் கண்முன்னே நிற்கிறது. இடப்பக்கமாக ஒரு சுற்று, வலப்பக்கமாக ஒரு சுற்று. மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஊசியைத் தாழ்த்திக்கொண்டு என் அண்ணனைப் பார்த்து, "தம்பி, கண்ணு எங்கங்க இருக்கு?" என்று கேட்டார். பாவம், உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "கல்லு முழுசுமே பாக்குதுங்க. எங்க வேணும்னாலும் குத்துங்க" என்றான். மேளம் நின்றுவிட்டது.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, கொழும்புக்குப் போய்ச் சிற்பம் படித்துவிட்டு வந்தவன் அவன். போகும்போது நல்லபடியாகத்தான் போனான். திரும்பி வந்தபோது மூக்கு, காது, விரல் எதுவுமே அவனுக்கு ஆகாமல் போயிருந்தன. மண்ணில் செய்தவை ஒழுகும் கூரையில் கரைந்தன. மரத்தில் செய்தவற்றை விறகுக் கட்டோடு சாய்த்து வைப்பான். அம்மா அடுப்பில் வைத்த பிறகு வந்து குதிப்பான். விறகுக்கும் சிலைக்கும் வித்தியாசம் தெரியாதது அம்மாவின் குற்றமாம்! இதற்கு நடுவில்தான் கோயில் கமிட்டி அவனிடம் முனியாண்டி சிலை கேட்டது. "மீசை மட்டும் பெருசா இருக்கணும் தம்பி. பாத்தா புள்ளைங்க பயப்படணும்" என்றார் தோட்டத் தலைவர். இவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முடியாது என்று அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே.

மாதக்கணக்கில் யாரையும் கிட்ட விடாமல் கொத்தினான். கடைசியில் கண் திறப்பு நாளன்று காட்டியது ஆள் உயரக் கருங்கல். எதிர்க்காற்றில் மலையேறுகிறவனைப்போல் நெஞ்சு முன்னே தள்ளியிருக்கும். தலை இருக்கவேண்டிய இடத்தில் வழுவழுவென்று ஒரு சரிவு. அழகில்லை என்று நான் சொல்லவில்லை. சாமி இல்லை என்றுதான் சொல்கிறேன்.

மறுநாள் தலைவர் வீட்டுக்கே வந்தார். அவர் கோபப்படவில்லை, அதையும் சொல்லவேண்டும். "ரெண்டு கண்ணு, ஒரு மீசை. அரை நாள் வேலதான தம்பி. வச்சிக் குடுத்துரு, கோயில்ல ஏத்திருவோம்" என்றார். அம்மாவோ, மகன் செய்த சாமி கோயிலில் இருக்கப்போகிறது என்று, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். "ஏன்டா, ஒரு மீசைல என்னடா கொறஞ்சிறப் போற?" என்று அழுதாள். "மீசை வச்சா அது வேற செலைம்மா" என்றான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! கமிட்டியார் கல்லை உருட்டிக்கொண்டுபோய்த் தேயிலை மலையின் ஓரத்தில் தள்ளினார்கள். அவன் கோபித்துக்கொண்டு மொனராகலைக்குக் கல்லுடைக்கப் போனான். அங்கே காய்ச்சல் கண்டது, யாருக்கும் சொல்லவில்லை. லொறியில் அவனைக் கொண்டுவந்தபோது பெரகல சந்தியில் காத்துக்கொண்டிருந்தவள் நான். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு மீசைக்காக!

கருமாதி முடிந்த மறுநாள் அம்மா தொழிற்சாலைக்குப் போய், தேயிலைப் பெட்டிகளில் எழுத்துப் போடும் கறுப்புப் பெயின்ட் கொஞ்சம் சிரட்டையில் கேட்டு வாங்கிவந்தாள். வேண்டாம்மா என்று நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். கல் ஒருக்களித்துக் கிடந்தது. அம்மா மண்டியிட்டு, ஒரு குச்சியில் துணியைச் சுற்றி, அந்தச் சரிவில் இரண்டு கண்ணும் ஒரு மீசையும் வரைந்தாள். கிடக்கிற கல்லில் வரைந்ததால் மீசையின் வலதுபக்கம் மேலே ஏறிக்கொண்டது. "இப்பக் கும்புடுவாங்க" என்றாள்.

கும்பிட்டார்கள். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போகிறவர்கள், கத்தி தவறிக் காலில் படக்கூடாது என்று வேலை தொடங்கும் முன் ஒரு கல்லை வைத்துக் கும்பிடுவது வழக்கம். அந்த வருடம் அவர்கள் அண்ணனின் கல்லை நிமிர்த்தி நட்டு, கவ்வாத்துச்சாமி ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அம்மா போட்ட கோட்டின்மேலேயே புதுப் பெயின்ட் பூசி, கத்திகளைக் காலடியில் வைத்துத் தேங்காய் உடைக்கிறார்கள். இன்றைக்கும் மீசை கோணல்தான்.

போன மாதம் கொழும்பிலிருந்து கலைக்கூடத்துக்காரர்கள் பதுளையில் என் வீட்டுக்கு வந்தார்கள். மலையகத்தின் முதல் நவீன சிற்பி என் அண்ணன்தானாம். நல்லவேளை, இப்போதாவது தெரிந்ததே! எரிச்சலாக இருந்தாலும் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். அவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனேன். வந்தவர்களில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி கல்லைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கிவிட்டாள். அவன் உயிரோடிருந்த காலத்தில் ஒருவர்கூட அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அப்புறம் அவள் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், ஆரோ விளங்காத ஆக்கள் பெயின்ட் பூசிக் கெடுத்துப்போட்டினம். கழுவ மருந்து இருக்கு, கல்லுக்கு ஒண்டும் ஆகாது. துப்புரவாக்கிக் கொழும்பில வைப்பம். அவற்ற பேர் நிலைச்சிடும்."

அவன் செய்ததில் மிஞ்சியது இந்த ஒரு கல்தான். இது இங்கேயே நின்றால் அவன் பெயர் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். கவ்வாத்துக்காரர்களைப் பார்த்தேன். "ஒங்க அண்ணன் செஞ்சது டீச்சரம்மா. நீங்க என்னா சொன்னாலும் சரிங்க" என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள். சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை. எல்லாம் என் தலையில்தான் விடியவேண்டும்.

"அந்த வெளங்காத ஆளு எங்க அம்மாதான், புள்ள" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "படம் எடுங்க, எழுதுங்க, அவன் பேரப் போடுங்க. மீசைல கை வைக்காதீங்க. கல்லு இங்கதான் நிக்கும்."

அவள் குனிந்து மீசையைக் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அவர் இதுக்குச் சம்மதிச்சிருப்பாரோ, டீச்சர்?" என்று கேட்டாள்.

சம்மதிப்பதாவது! இந்த மீசையைப் பார்த்தால் தோட்டமே அதிரக் கத்துவான். வந்து கத்தட்டும். இத்தனை வருடமாக நான் ஒருத்தியாகத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.