கடலில் கிடைத்த மகள்

காலை எட்டு மணி. வல்வெட்டித்துறைக் கரையில் செல்வமணி அக்கா வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருக்கிறார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இந்தக் கடலில் நீந்துவீர்களா என்று சும்மா கேட்கிறேன்.

"ஒருக்கா நீந்தினனான். சண்டைக்காலம். இந்தியாவுக்குப் போன எங்கடை படகு சூடு பட்டுக் கடலுக்கை தாண்டுபோட்டுது. என்ரை மனிசனும் அதோடை போட்டார்."

"நீங்கள் எப்படித் தப்பினீர்கள்?"

"பக்கத்திலை ஒரு கைக்குழந்தை. ஆரின்ரை பிள்ளையெண்டும் தெரியாது. ஒரு கையாலை அதைத் தூக்கிப் பிடிச்சன். மற்றக் கையாலை மிதந்துவந்த வெறும் மண்ணெண்ணெய்க் கானைப் பிடிச்சன். மத்தியானம் வேறை படகு வந்து ஏத்துமட்டும் அப்பிடியே கிடந்தன். அது அழுதுகொண்டே இருந்தது. அது அழேக்கை நான் எப்பிடிக் கையை விடுறது?"

"பிள்ளையின் தாய்?"

"அவவும் கரை வந்து சேரேல்லை. நான்தான் வளர்த்தன்."

நாற்பது வயது மதிக்கத்தக்க, நல்ல உயரமான ஒரு பெண் மணலில் இறங்கி வருகிறார். "அம்மா, ஐஸ் வந்திட்டுது" என்றபடி நிறைந்த மீன்கூடையைத் தனியாகவே தூக்குகிறார்.

"உவள்தான்" என்கிறார் அக்கா, தலை நிமிராமல்.

"அண்ணை, கொஞ்சம் விலகுங்கோ" என்று அந்தப் பெண் இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான், நான் அவர் வழியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு உறைக்கிறது.