ஒரு ராசாவுக்கு இரண்டு குரல்

என் மனைவி லவீனாவிடம் எந்தப் பொருளையும் தொலைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தேடப் பஞ்சிப்படுகிற சோம்பேறிகளின் பேச்சு அது என்பாள். நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். கடையில் ஒரு சாவி காணாமற் போனாலும் எனக்கு இதே பாட்டுத்தான்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவள். அவள் வீட்டு ஆண்கள் கடலுக்குப் போவார்கள், திருவிழா வந்தால் கூத்து மேடைக்குப் போவார்கள். இவள் கணினி படித்துவிட்டு நகரத்தில் ஒரு கம்பனியில் இணையத்தளம் கட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கூத்துகளின் பழைய ஒலிநாடாக் கசற்றுகளைச் சேர்த்து ஒரு தளம் செய்தாள். அறுநூறுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகள். பாட்டெல்லாம் ஒரு கோப்புறையில் கிடக்கும், தரவுத்தளத்தில் அதன் விலாசம் மட்டும் இருக்கும், திரையில் ஆடினவரின் பெயரை அமத்தினால் விலாசத்தைப் பார்த்துப் பாட்டை எடுத்துத் தரும் என்று எனக்கு விளக்கினாள். தபால்காரன் வேலை என்றேன். முறைத்தாள், ஆனால் மறுக்கவில்லை.

போன மாசியில் ஸ்ரெல்லா அக்கா வீட்டுக்கு வந்தார். கூத்தில் ராசா ஆடிய அவருடைய தகப்பன் நீக்கிலாப்பிள்ளை இறந்து மூன்று கிழமை ஆகியிருந்தது.

"லவீனா, அப்பான்ரை பேரை அமத்தினால் மரியநாயகம் மாமா எல்லோ பாடுறார். நோர்வேயிலை தம்பி கேட்டுப்போட்டு ஒரே அழுகை. முப்பத்தோராம் நாள் அப்பான்ரை குரலைப் போடுவம் எண்டு இருந்தனாங்கள்."

"கசற் இருக்கோ அக்கா?"

"பூஞ்சணம் பிடிச்சிட்டுது. உன்னட்டைக் குடுத்தாச்சுத்தானே எண்டு எறிஞ்சுபோட்டன்."

லவீனாவின் முகம் கறுத்தது. கணினியைத் திறந்து அட்டவணையைப் பார்த்தாள். பார்த்த உடனே தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்கள் கூத்தில் ராசா வேசத்தை இரண்டு பேர் ஆடுவார்கள். முன்ராசா பாதிக் கூத்தை ஆடிவிட்டு ஒதுங்க, பின்ராசா வந்து மிச்சத்தை ஆடுவார். பார்க்கிற சனத்துக்கு இரண்டு பேரும் ஒரே ராசாதான். லவீனாவுக்கும் அப்படித்தான். அதனால் அட்டவணையில் ஒரு வேசத்துக்கு ஒரு வரி, ஒரு விலாசம் என்று கட்டிவிட்டாள். பின்ராசா நீக்கிலாப்பிள்ளையின் பாட்டு முதலில் ஏறியது. பிறகு முன்ராசா மரியநாயகத்தின் பாட்டு ஏறியபோது பழைய விலாசம் அழிந்துபோனது; இருவரில் யார் பெயரை அமத்தினாலும் மரியநாயகம்தான் பாடுவார். கூத்தே தெரியாத ஒருவன் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான்; இரண்டு ஆளுக்கு இரண்டு வரி போட்டிருப்பான்.

"பிழை என்ரை," என்றாள். "ஆனா அழிஞ்சது விலாசம்தான், பாட்டில்லை. பாட்டை அழிக்கச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுதேல்லை. அப்பா உதுக்குள்ளைதான் இருக்கிறார் அக்கா. இருங்கோ."

கோப்புறையில் உள்ளவற்றையும் அட்டவணையில் உள்ள விலாசங்களையும் ஒப்பிட்டு, விலாசம் இல்லாதவற்றை மட்டும் பிரித்து எடுத்தாள். நாற்பத்து மூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் வெறும் இலக்கம்தான். இருவரும் ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து கொஞ்சம் போட்டுக் கேட்டார்கள். நான் இரண்டு முறை தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இருபத்தொன்பதாவது ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் ஸ்ரெல்லா அக்கா லவீனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது அப்பாதான்," என்றார்.

அந்தக் கிழமையே லவீனா அட்டவணையைப் பிரித்தாள். இப்போது, வேசம் ஆடிய ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு வரி, சொந்தமாக ஒரு விலாசம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லாரும் ஸ்ரெல்லா அக்கா வீட்டு முற்றத்தில் கூடியிருந்தோம். எண்பத்திரண்டு வயது மரியநாயகம் முன்கதிரையில் இருந்தார். லவீனா நீக்கிலாப்பிள்ளையின் பெயரை அமத்தினாள். முதலில் கேட்டது மரியநாயகத்தின் குரல். ஸ்ரெல்லா அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"பொறுங்கோ," என்றாள் லவீனா.

அந்தப் பதிவு முன்ராசாவின் கடைசி வரியில்தான் தொடங்குகிறது. மரியநாயகம் ஒலிபெருக்கிப் பெட்டியில் பாடிய தன் குரலோடு சேர்ந்து அந்த வரியைப் பாடினார். பாடி முடித்ததும் பொல்லை ஊன்றி மெல்ல எழும்பினார்.

"ஏன் மாமா எழும்பிறியள்? இருங்கோ," என்றார் ஸ்ரெல்லா அக்கா.

"பின்ராசா வாறான் பிள்ளை, இடம் விடவேணும்," என்று சொல்லிவிட்டு அவர் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். நீக்கிலாப்பிள்ளை பாடத் தொடங்கினார்.