சட்டியக்கா அடைத்த ஜன்னல்

ஆற்றில் பொன் அரிக்கிறவர்கள் சித்தியைச் சட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அரித்த மண்ணோடு பாதரசத்தைப் பிசைந்தால் அது பொன் துகளைக் கவ்விக்கொள்ளும். துணியில் பிழிந்தால் ஒரு வெள்ளை உருண்டை மிஞ்சும். அதைச் சித்தி தன் சமையலறையில் இரும்புச் சட்டியில் போட்டுக் காய்ச்சுவாள். பாதரசம் புகையாகப் போகும், பொன் நிற்கும். சித்தப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனபின் அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது அந்தச் சட்டிதான்.

காற்றுப் பட்டால் புகையோடு பொன்னும் கொஞ்சம் பறந்துவிடும் என்பது சித்தியின் நம்பிக்கை. அதனால் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழந்துணி திணித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். "சட்டியக்கா வீட்ல ஒரு பொட்டு வீணாகாது" என்று பேர். மகள் அதே அறையில் படித்தாள், அங்கேயே தூங்கினாள்.

படிப்பு முடிந்ததும் மகளுக்குத் தையற்கடையில் வேலை கிடைக்கும்போல இருந்தது. போன அன்றே திரும்பி வந்தாள். ஊசிக் காதில் நூல் நுழையவில்லை.

"ஏம்மா, நூல் கோக்கிறியா, கொசு ஓட்டுறியான்னு தையல்காரர் கேட்டாரும்மா."

"நல்லாப் பிடிக்கணும்டி. கையில எலும்பு இருக்கா, இல்லையா?" தண்ணீர் டம்ளர் தளும்பினாலும் சித்தி இதையேதான் சொல்வாள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா மகளின் கையைப் பார்த்தார், சித்தியின் வீங்கிய ஈறுகளையும் பார்த்தார். வீட்டில் என்ன வேலை என்று கேட்டார்.

"பறந்தது பொன் இல்லம்மா, பாதரசம். அதை வெளிய போகவிடாம நீங்க அடைச்சு வச்சிருக்கீங்க. இனிமே அந்தப் புகை படாம இருந்தா, கை ஓரளவு சரியாகலாம்."

சித்தி அன்றே சட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். மறுநாள் அது பக்கத்து வீட்டு அடுப்பில் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. மேலே ஒரு முழம் சந்து.

சித்தி போய்ச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

"நீ சம்பாதிச்சவரைக்கும் புகை வாசமா இருந்துச்சு. என் அடுப்புக்கு வந்ததும் விஷமாயிடுச்சாக்கா?"

"உன் வயித்தெரிச்சலை வாங்கவா வந்தேன்? ஜன்னலையாவது திறந்து வை."

"திறந்தா பொன்னு பறந்துடும்னு இந்தத் தெருவுக்கே சொல்லிக்கொடுத்தது யாரு, நானா?"

சித்தி திரும்பி நடந்தாள். அவள் வாசல் தாண்டியதும் பின்னால் கதவிடுக்கில் துணி திணிக்கும் சத்தம் கேட்டது.

வீட்டில் இருந்த பழைய சேலைகளையெல்லாம் நனைத்து எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். சந்து நெடுக அடைத்துக்கொண்டே போனாள். மகள் கீழே ஸ்டூலைப் பிடித்திருந்தாள். ஸ்டூல் கடகடவென்று ஆடியது.

"நல்லாப் பிடிடி" என்றாள் சித்தி, பழைய வழக்கத்தில்.

"பிடிச்சுட்டுத்தாம்மா இருக்கேன்."