மலர்க்கொடி ஜீப்புக்கு வைத்த சைடு பம்பர்

பச்சைமலையில் மரவள்ளி மூட்டையும் ஆளுமாக ஏற்றி இறக்கும் ஜீப்புகளில் ஒன்றை மலர்க்கொடி ஓட்டினாள். அப்பா வீரமலை ஓட்டிய வண்டி. அவர் போனபிறகு விற்றுவிடச் சொன்னார்கள். விற்றால் காலையில் எழுந்து எங்கே போவது? தங்கை பானுப்ரியா கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் இருந்தாள்; மலைவீட்டில் இவள் மட்டும்தான். வண்டி நிறைய ஆள் இருந்தாலும் இவளிடம், "இங்க நிறுத்துங்க" என்பதோடு சரி.

போன மழைக்கு ஓடைப் பாதையில் ஒரு பாறை, கதவுக்குக் கீழே இடித்து, அடிச்சட்டமான சேசிஸையே நெளித்துவிட்டது. கடையில் முன்னுக்கும் பின்னுக்கும் பம்பர் கிடைக்கும். அந்த இடத்துக்குத் தோதாக எதுவும் கிடைக்கவில்லை. அவளே யோசித்தாள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் மூங்கிலைக் கட்டி, சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, அதே பாதையில் ஓட்டினாள். சுண்ணாம்பு உரிந்த இடமெல்லாம் பாறை தொடுகிற இடம். மூங்கில் ரொம்பத் தாழ்வாக இருந்தது. உயர்த்திக் கட்டி மறுபடி ஓட்டினாள். அப்புறம் கொஞ்சம் வெளியே தள்ளிப் பார்த்தாள். சாயங்காலங்கள் அப்படியே போயின. வீட்டுக்குள் போய் விளக்குப் போடவே மறந்துபோனாள்.

அளவு சரியானதும், கட்டிய மூங்கிலோடேயே வண்டியைத் திருச்சி அரியமங்கலத்துக்கு ஓட்டிவந்தாள். வெல்டிங் பட்டறை ஷேக் தாவூது மூங்கிலைச் சுற்றிவந்து பார்த்தார்.

"பைப்பு வெச்சு சேசிஸோட வெல்டு அடிச்சிருங்க" என்றாள்.

"அப்படி வேணாம்மா. வெல்டு வெச்ச இடத்துல வெடிப்பு விடும். தகடு கொடுத்து போல்டு போட்டுக்கலாம். வளைஞ்சா கழட்டி மாத்திக்கலாம்."

இது அவளுக்குத் தோன்றவில்லை. சரி என்றாள்.

வேலை முடியும்வரை தங்கை வீட்டில் இருந்தாள். சாப்பிடும்போது சுண்ணாம்பு பூசிய கதையை ஆரம்பித்தாள். பானுப்ரியா பிள்ளைக்குச் சோறு ஊட்டியபடியே, "எதுக்குக்கா இந்தப் பாடு? வித்துட்டு இங்கயே வந்துடேன்" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். மலர்க்கொடி குழம்பை ஊற்றிக்கொண்டு பேச்சை விட்டுவிட்டாள்.

பம்பர் மாட்டி மலைக்குத் திரும்பியபின், ஐப்பசி மழையில் ஒருநாள் அது நடந்தது. இறக்கத்தில் சக்கரம் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் போய்ப் பாறையில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை. "பஸ்ஸு போயிடும்" என்று எல்லோரும் இறங்கி நடந்துவிட்டார்கள்.

சேற்றில் மண்டியிட்டுக் குனிந்தாள். பைப்பு வில்லாக வளைந்திருந்தது. உள்ளே கைவிட்டுத் தடவினாள். சேசிஸில் ஒரு நெளிவும் இல்லை. வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தாள், மழைதான் பெய்துகொண்டிருந்தது.

தங்கைக்குப் போன் போட்டு, வண்டி மோதியதைச் சொன்னாள்.

"ஐயோ! உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லடி. பைப்புதான் வளைஞ்சுது, சேசிஸ் பாரு..."

"அதான் அன்னைக்கே வித்துடுன்னு சொன்னேன்."

"சரி, வெக்கிறேன்."

வண்டியிலிருந்த கடப்பாரையால் பாறையை நெம்பித் தள்ளி, வண்டியை எடுத்தாள்.

அடுத்த வாரம் பட்டறையில் ஷேக் தாவூது வளைந்த பைப்பைக் கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்லா அடி வாங்கியிருக்கே. எங்கம்மா இடிச்சுது?"

மலர்க்கொடி சொல்லத் தொடங்கினாள். மூங்கில் கட்டிய நாளிலிருந்தே தொடங்கினாள். அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு, "சொல்லுங்க, கேக்குது" என்று புதுப் பைப்பில் தகட்டைப் பற்றவைத்தார். கண் கூசாமலிருக்க அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தீப்பொறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, சுவரிடமே மிச்சத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.