இலை குடித்த எலிகள்

எலிகளுக்குச் சாறு பருக்குவதுதான் பல வருடங்களாக என் சம்பளத்து வேலை. ஆய்வுகூட உதவியாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். எலியைப் பிடரியில் பிடித்து, வளைந்த குழாயைத் தொண்டைக்குள் விட்டு, காலையில் முருங்கை இலைச்சாறு. ஒரு மணித்தியாலம் கழித்துக் கட்மியம் கரைத்த தண்ணீர். இன்னொரு கூட்டுக்குக் கட்மியம் மட்டும். அது சிறுநீரகத்தில் போய்த் தங்கி அதைப் பழுதாக்கும் உலோகம். இலையிலுள்ள இரசாயனச் சேர்வைகள் அதைத் தடுக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. கொஞ்சம் தடுத்தது. சாறு குடித்த எலிகளின் சிறுநீரகம் பரவாயில்லை என்றார்கள்.

அந்த இலை என் மூத்த சகோதரி, எங்கள் ராத்தாவின் வீட்டு வளவு மரத்து இலை. கடை இலையில் மருந்தடித்திருப்பார்கள் என்று ஆராய்ச்சி செய்த மேடம் சொன்னதால், நான்தான் பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோவேன். கொக்கத்தடியால் கொப்பு முறித்துத் தருபவர் ராத்தாவின் கணவர், என் மச்சான். மாவடிப்பள்ளி வயலில் இளவயதிலிருந்து வேளாண்மை செய்தவர். பூச்சிமருந்துத் தாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு, வாயில் ஒரு சீலைத்துண்டுகூடக் கட்டாமல் அடித்தவர். அவருக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்தபோது, எதனால் என்று டொக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தண்ணீராக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம் என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்து, "நம்மட மரத்து இலைதான் எலிர கிட்னியக் காப்பாத்திச்சு" என்று சொன்னேன். பெருமைதான், வேறென்ன? எலிக்குச் சாறு பருக்குகிறவனுக்கு எப்போதாவதுதான் பெருமைப்பட ஏதாவது கிடைக்கிறது.

அடுத்த நாளே ராத்தா இலையை அரைத்துப் பிழிய ஆரம்பித்துவிட்டாள். தினமும் வெறும் வயிற்றில் ஒரு பெரிய கோப்பை. மச்சான் முகம் சுளிக்காமல் குடித்தாராம். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் அவருக்குக் கால் சோர்ந்து, நெஞ்சு படபடத்து, வார்டில் போட்டார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. என்ன சாப்பிட்டார் என்று, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி கேட்டாள். ராத்தா சொன்னதும் தலையில் கை வைத்தாள். பழுதான சிறுநீரகத்தால் இலைச்சாற்றின் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. முதல் கிளினிக்கில் தந்த தாளிலேயே அது இருந்தது. ராத்தா அந்தத் தாளை அலுமாரியில் பத்திரமாக வைத்துப் பூட்டியிருந்தாள்.

வார்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே தம்பி சொன்ன, நம்மட மரத்து இலை எண்டு?"

"எலிக்கு முதல்ல இலை, பிறகுதான் நஞ்சு ராத்தா. அதுகளுக்கு நல்ல கிட்னி. மச்சானுக்கு நஞ்சு உள்ள போய் எத்தின வருசம்?"

"அதப் பெருநாளண்டு ஏன் சொல்லல்ல?"

எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. இத்தனை வருடமாக அந்த வரிசையை ஒரு நாளும் பிசகாமல் செய்தவன், சொல்லும்போது மட்டும் விட்டுவிட்டேன்.

அல்லாஹ்வின் கிருபையால் பொட்டாசியம் இறங்கியது. வீட்டுக்கு வந்த மச்சானைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். வீங்கிய காலைக் கதிரையில் தூக்கி வைத்திருந்தார். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லு. இலை குடிச்ச எலியெல்லாம் இப்ப எங்க?"

"இல்ல மச்சான். கடைசியில எல்லாத்தையும் கொல்லுறதான். கிட்னிய வெட்டித்தான் பாக்கணும்."

"சுகமா இருந்ததையுமா?"

"ஓம். வெட்டினாத்தான் சுகம் எண்டே தெரியும்."

மச்சான் காலைத் தடவினார்.

"அப்ப அதுகள் இன்னும் எவ்வளவு காலம் இருந்திருக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாது மச்சான்."

ராத்தா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அலுமாரியில் பூட்டியிருந்த அந்தத் தாள் இப்போது அவள் கையில் இருந்தது.